ஐந்தாம் எண்ணில் இரண்டு பேர்

— கத்தாதே, லிபுஷெ. பக்கத்து ரூம்ல மேலிடத்து ஆளுங்க உட்கார்ந்து ரொட்டி தின்னுக்கிட்டிருக்காங்க.

— நான் எங்க கத்துறேன், தோழர் ராதோவான்? மெஷினுக்குப் பின்னாடி வந்து பாருங்கன்னுதான் சொல்றேன். ரெண்டு மீட்டருக்கும் ஒரே நம்பர். பழசும் அஞ்சு, நேத்து நீங்க மாட்டின புதுசும் அஞ்சு.

— நான் இருபதுன்னுல்ல வச்சேன்.

— வச்சதா நினைச்சீங்க. நம்பர் வைக்கற இந்தக் குட்டி சுவிட்சுகளை வலப்பக்கத்துலேருந்து எண்ணணும். நீங்க இடப்பக்கத்துலேருந்து எண்ணிட்டீங்க. இருபதுக்கான வரிசையைத் திருப்பி வச்சா அஞ்சு.

— சரி. அதனால என்ன குடி முழுகிப் போச்சு?

— முழுகித்தானே போச்சு! எல்லா மீட்டரும் ஒரே கேபிள்ல தொங்குது. கம்ப்யூட்டர் எந்த நம்பரைக் கூப்பிடுதோ அவன் மட்டும்தான் பேசணும், மத்தவனெல்லாம் வாயைப் பொத்திக்கிட்டுக் கேட்கணும். இன்னைக்கு அது அஞ்சைக் கூப்பிட்டுச்சு, ரெண்டு பயலும் வாயைத் திறந்துட்டான். ஒருத்தன் ஒன்னுங்கறான், இன்னொருத்தன் ரெண்டுங்கறான். கம்பியில ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு ஏறி, மூணுன்னு போய்ச் சேருது. ரெண்டு பேருமே சொல்லாத மூணு!

— அந்த மூணை நம்பி போர்டு சோதிக்கற நம்ம மெஷின், மேலிடத்துலேருந்து வந்த தோழர் பெலான் பரீட்சை பார்க்க வேணும்னே பழுதாக்கிக் கொண்டு வந்த போர்டைப் பார்த்து 'நல்ல போர்டு'ன்னு பச்சை விளக்கைப் போட்டுச்சு. சுரங்கத்துல விஷவாயு வந்தா ஊளையிட வேண்டிய போர்டு. அந்தாள் சிரிச்சான் பாரு ஒரு சிரிப்பு.

— அதுக்கென்ன, போய் உள்ளதைச் சொல்லிடுங்க. சுவிட்சைத் தள்ளிவிட்டு இப்பவே மறுபடி ஓட்டிக் காட்டறேன்.

— ஓட்டிக் காட்டு, வேண்டாங்கலை. ஆனா சுவிட்சை வச்சது யாருன்னு கேப்பாரே, அம்மணி.

— நீங்கதானே?

— ஹினெக்.

— என்னது?

— ஹினெக் வச்சான். நீதான் சொல்லப் போறே. நான் சொன்னா, தலைவன் தப்பிக்கப் பார்க்கறான்னு நினைப்பாங்க. உன் வார்த்தைக்கு இங்கே மதிப்பு இருக்கு.

— அந்தப் பையன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தான், அவ்வளவுதானே! மீட்டரைத் தொடக்கூட இல்லை.

— ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டான்ல?

— அவன் பொண்டாட்டி மாசமா இருக்கா. அவன் கல்யாணத்துக்கு நான்தான் சாட்சி நின்னேன்.

— தெரியுமே, நானும் வந்திருந்தேன். பன்னிக்கறி பிரமாதம்.

— வேலையை விட்டுத் தூக்கிடுவாங்க, பாவம்.

— சேச்சே! நம்ம நாட்டுல யாருக்காவது வேலை இல்லைன்னு உண்டா? கீழே பாய்லர் ரூம்ல கரி தள்ளுவான். பனிக்காலத்துல நம்ம எல்லாரையும் விட அவனுக்குத்தான் கதகதப்பா இருக்கும்.

— தூ! இப்படிப் பேச உங்களுக்கு நாக்கு கூசலை? நான் சொல்ல மாட்டேன். என்ன வேணா பண்ணிக்குங்க.

— ஷிமோன் எப்படி இருக்கான்?

— அவன் எதுக்கு இப்போ?

— சும்மா கேட்டேன். டாக்டர் படிப்புக்குப் பரீட்சை எழுதியிருக்கானாமே. நல்லா எழுதினானாம். காலேஜ்லேருந்து எனக்கு போன் வரும், அம்மா எப்படிப்பட்டவங்க, குடும்பம் எப்படின்னு. உன் தம்பி திருட்டுத்தனமா எல்லை தாண்டி வியன்னாவுக்கு ஓடிப்போன கதை அப்போ எனக்கு ஞாபகம் வரலாம். வராமலும் போகலாம்.

— டேய் ராதோ! என் பிள்ளையை இதுல இழுக்காதே. ரெண்டு பேரும் ஒன்னா வேலைக்குச் சேர்ந்தோம்டா. உங்கப்பா செத்தப்போ உன் ஷிஃப்டையும் சேர்த்து நான் பார்த்தேன். அதெல்லாம் மறந்து போச்சா?

— ‘வாங்க போங்க’வெல்லாம் எங்கே போச்சு, அம்மணி?

— தோழர் ராதோவான், உங்க கால்ல விழறேன்.

— வேண்டாம், தரையெல்லாம் எண்ணெய். உன் கேபிள் கதையையே உனக்குச் சொல்றேன், கேளு. ஒரு எழுத்து போச்சுன்னா, கேட்கறவங்க அத்தனை பேரும் 'வாங்கிட்டேன்'னு சொன்னாத்தான் அடுத்த எழுத்து போகும். ஒரு மந்தமான மீட்டர் 'இன்னும் வாங்கலை'ன்னு கம்பியைப் பிடிச்சு வச்சுக்கிட்டா, மொத்தக் கூட்டமும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இப்போ நீதான் பிடிச்சு வச்சிருக்கே. கையை எடு.

— கடவுளே... ஹினெக் முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

— எதுக்கு முழிக்கணும்? அவன் கீழே, நீ மேலே.

— ஷிமோனுக்கு இடம் கிடைச்சுடுமா? உங்க பொண்ணு மேல சத்தியம் பண்ணுங்க.

— என் பொண்ணு மேல சத்தியம். உன் தம்பி பேரே எனக்குத் தெரியாது, போதுமா? மூக்கைத் துடை, வராரு.

— என்ன ராதோவான், இழவு வீடு மாதிரி இருக்கு? உங்க மீட்டருங்க சண்டை தீர்ந்துச்சா, இல்லையா?

— வாங்க, தோழர் பெலான். காரணம் கிடைச்சுடுச்சு. இவங்கதான் கண்டுபிடிச்சாங்க. சொல்லுங்க லிபுஷெ, உங்க வாயாலேயே சொல்லுங்க.

— ரெண்டு மீட்டருக்கு ஒரே நம்பர் விழுந்துடுச்சு, தோழர். கூப்பிட்டா ரெண்டும் சேர்ந்து பதில் சொல்லுது.

— நினைச்சேன். நம்பரை வச்சது யாரு?

— வந்து... அந்த...

— சத்தமாச் சொல்லும்மா. எனக்கு இந்தப் பக்கத்துக் காது மந்தம்.

— ஹினெக்.

— நீங்க பார்த்தீங்களா?

— பார்த்தேன்.

— பார்த்துட்டு சும்மாவா இருந்தீங்க?

— வலப்பக்கத்துலேருந்து எண்ணுடான்னு சொன்னேன். கேட்கலை. அவனுக்கு எப்பவுமே அவசரம்.

— குடிப்பானோ?

— யாரு, ஹினெக்கா?

— ஏன் முழிக்கறீங்க? குடிச்சுட்டு வேலைக்கு வருவானான்னு கேட்டேன்.

— வருவான்.

— அப்பாடா! ஒரு பாரம் இறங்கிச்சு. சரி, அந்தப் பையனைக் கீழே அனுப்பிடலாம். மெஷினை ஓட்டிக் காட்டுங்க, பிறகு எல்லாரும் ஒரு கிளாஸ் போட்டுட்டுக் கிளம்பலாம்.

— என்ன பாரம், தோழர் பெலான்?

— உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. இப்பதான், சாப்பிட்டுக்கிட்டிருந்தப்போ, அந்த ஹினெக் என்கிட்ட வந்தான். 'சுவிட்சை வச்சது நான்தான், என்னை என்ன வேணா பண்ணுங்க'ன்னான்.

— அவனா? அவனாகவே வந்தா சொன்னான்?

— ஆமாம்மா. 'லிபுஷெ அக்கா மேல ஒரு சொல் விழக்கூடாது, அவங்க பையன் டாக்டருக்குப் படிக்கணும்'னு ஒரே அழுகை. இவ்வளவு நல்ல பையன் பொய்தான் சொல்றான், இந்த ராதோவான்தான் மிரட்டிச் சொல்லச் சொல்லியிருக்கான், இவனைத்தான் ஒரு கை பார்க்கணும்னு எழுந்து வந்தேன். நல்லவேளை, அவன் குடிகாரன்னு நீங்க சொன்னீங்களோ, நான் பிழைச்சேன்.