லிட்டருக்கு ஆறு

மோட்டார் சோதனை என்றால் ஏதோ பெரிய விஞ்ஞானம் என்று வெளியாட்கள் நினைத்துக்கொள்கிறார்கள், ஐயா. அப்படி ஒன்றுமில்லை. படகின் பின்பலகையில் புது மோட்டாரை மாட்ட வேண்டும், ஒரு லிட்டர் பெட்ரோலை அளந்து ஊற்ற வேண்டும், அது தீரும்வரை ஓட்டி எத்தனை கிலோமீட்டர் வந்தோம் என்று நோட்டில் எழுத வேண்டும். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, கேட்டுப் பாருங்கள்.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். அது ஒன்றுதான் குறை.

மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்வரை சமாளித்துவிடுவேன். லிட்டர் தீர்ந்ததும் அது இரண்டு தரம் இருமி நின்றுவிடும் பாருங்கள், அப்போதுதான் குலை நடுங்கும். படகு தானாகக் குறுக்கே திரும்பும். அடுத்த கேனின் குழாயை மாட்ட ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் என் கை உதறுகிற உதறலில் குழாய் துளைக்குள் போகவே போகாது. நீச்சல் தெரியாது என்று முதலாளியிடம் சொல்லியிருக்கலாம். சோதனைக்காரன் அதைச் சொன்னால் பட்டறையே சிரிக்காதா?

முறை என்னவென்றால், படகில் நாலு மணல் மூட்டை ஏற்றி, திறந்த கடலில் நீரோட்டத்தோடு ஒரு தரமும் எதிர்த்து ஒரு தரமும் ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். இந்தப் புது மோட்டாரையும் முதல் நாள் அப்படித்தான் ஓட்டினேன். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் வந்தது. திரும்பும்போது ஓர் அலை படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்து என் மடியெல்லாம் நனைந்தது. அன்றைக்கு நான் அழுதேன். நோட்டின் அந்தப் பக்கமும் நனைந்திருந்ததால் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் மூட்டைகளைக் கரையிலேயே விட்டுவிட்டேன். ஆற்று முகத்துவாரத்துக்குள், இடுப்பளவுத் தண்ணீரை ஒட்டியே ஓட்டினேன். நீர் வடியும்போது அதோடு கீழே போனேன். மணல் திட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, நீர் ஏறும்போது அதோடு மேலே வந்தேன். இரண்டு தரமும் நீரோட்டமே தள்ளிக்கொடுத்தது. ஆறு கிலோமீட்டர் வந்தது, ஆறு என்று எழுதினேன். இல்லாத எண் எதையும் நான் எழுதவில்லை.

முதலாளிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. விளம்பரத் தாளில் ஆறு என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டார்.

முதலில் வாங்கியவர்களில் ஒருவன் என் மனைவியின் தம்பி. தனியாகவே கடலுக்குப் போய்வருகிறவன். வீட்டில் அவனைச் ‘சரியளவு’ என்று கேலி செய்வோம். எதையும் ஒரு துளி கூடுதலாக எடுத்துப் போக மாட்டான். பாரம் ஏறினால் மீன் குறையும் என்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"மாமா, ஆறுன்னு போட்டிருக்கே, நிஜமாவே குடுக்குமா? நீங்கதானே ஓட்டிப் பாத்தீங்க?"

"நான்தான் ஓட்டினேன்."

"நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போறேன். போக வர அறுபது. பன்னெண்டு லிட்டர் எடுத்தா ரெண்டு லிட்டர் மிச்சம் வேற. போதும்ல?"

"அவரே ஓட்டிப் பாத்ததுடா. அப்புறம் என்ன சந்தேகம்?" என்றாள் என் மனைவி. அவள் குரலில் அவ்வளவு பெருமை.

இன்னும் நாலு லிட்டர் எடுத்துக்கொள் என்றால் ஏன் என்பான். அவன் ஒரு கேள்வியோடு விடுகிற ஆள் இல்லை. போதும் என்றேன்.

திங்கட்கிழமை விடியற்காலையில் போனவன் சாயங்காலம் வரவில்லை. நானும் மனைவியும் மீட்பு நிலையத்துக்கு ஓடினோம். ஒரு மேஜை, சுவர் நிறையக் கடல் வரைபடம், கடகடவென்று சுற்றும் மின்விசிறி. அதிகாரியம்மா இளவயதுக்காரர், நிதானமாகக் கேட்டார்.

"எவ்வளவு பெட்ரோல் கொண்டுபோனாரு?"

"பன்னிரண்டு லிட்டர்."

"லிட்டருக்கு எவ்வளவு ஓடும்?"

நான் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். என் மனைவி எனக்காகப் பதில் சொன்னாள். "ஆறுங்க. இவர்தான் சோதிச்சுப் பாத்தவரு."

"அப்படியா சார்?"

"ஆமாம்."

"அப்போ திரும்பி வர பெட்ரோல் இருந்திருக்கு. வர்ற வழியில நின்னிருக்காது. அங்கேயே ஏதோ ஆகியிருக்கணும்." வரைபடத்தில் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெரிய வட்டம் போட்டார்.

நானும் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நாலு வீதம் பன்னிரண்டு லிட்டருக்கு நாற்பத்தெட்டு. போக முப்பது, திரும்பப் பதினெட்டு. கரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டரில் நிற்பான். அங்கே கைபேசி எடுக்காது. மோட்டார் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டு அசையாமல் இரு, தேடி வருவார்கள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். நகர்ந்திருக்க மாட்டான்.

மீட்புப் படகுகள் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு நேராக அந்த வட்டத்துக்குப் போயின. ஒன்றுகூட அவன் பக்கம் போகவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் பட்டறைப் படகில் நானே ஏறி உட்கார்ந்தேன், ஐயா. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபது லிட்டர் பெட்ரோலும் ஒரு குடம் தண்ணீரும் ஏற்றினேன். கயிற்றை அவிழ்த்தேன். படகு லேசாக ஆடியது. இறங்கிவிட்டேன். நீச்சல் தெரியாதவன் போய் என்ன செய்துவிட முடியும்?

"ஏங்க, மோட்டார் பத்தி உங்களுக்குத் தெரியாததா? வேற எங்கயாச்சும் நின்னிருக்குமோ? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்" என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். யோசிக்கிறேன் என்றேன். நாலு நாளும் அதையேதான் சொன்னேன். எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. அவன் கிடைக்கவில்லையே என்ற பயம் முதல் நாளோடு போய்விட்டது. உயிரோடு கிடைத்துவிட்டால் என் முகத்தைப் பார்த்து, "ஆறுன்னு சொன்னீங்களே மாமா" என்பானே என்றுதான் பிறகு நடுங்கினேன்.

ஐந்தாம் நாள் காலை வலை போட வந்த ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறான். நங்கூரம் போட்டபடியே படகு நின்றிருந்தது. டாங்க் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஒரு நாளைக்குச் சரியாக எடுத்துப் போயிருந்தான். முந்தின நாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

கரையிலிருந்து பன்னிரண்டரை கிலோமீட்டர். என் கணக்கில் அரைக் கிலோமீட்டர்தான் பிசகு.

அவன் சாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இடம் தெரியும், சொல்லவில்லை, அவ்வளவுதான். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். என் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பியைப் பற்றி நான் ஏதோ சாட்சி சொல்ல வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், ஐயா. எனக்குப் பயமாக இருக்கிறது.