கத்திரி வெயிலில் கோழி முட்டையிடாது

கோழிக்கு வியர்க்காது, மேடம். பல பேருக்கு இது தெரியாது. உங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. பரவாயில்லை, நீங்கள் திருடனைப் பிடிக்கப் படித்தவர். திண்டிவனத்திலிருந்து வரும் கால்நடை டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். கத்திரி வெயிலில் கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே தள்ளுமாம். இறக்கையை அகட்டிக்கொள்ளும். இரை எடுக்காது, தண்ணீரைத்தான் தேடும். இரை இறங்காத வயிற்றில் முட்டை எங்கிருந்து வரும்?

இதையெல்லாம் என் புருஷன் சேட்டுவிடம் சொன்னேன். அவர் பெரிய விஞ்ஞானி. "கோழிக்கு இன்னாடி வெயிலு? அதுங்க இன்னா நெலத்துல குனிஞ்சு மல்லாட்டை செடி புடுங்கவா போவுது?" என்றார். கோழிக் கொட்டகைக்குத் தகர ஷீட்டு போட்டதும் இதே மூளைதான். கீற்று வேயுங்கள் என்றேன். ஷீட்டுதான் லட்சணமாம். கோழிகள் ஏதோ கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்து வைத்திருப்பதுபோல.

ஒன்பது கோழி. மாசியில் தினம் ஆறு முட்டை வந்தது. சித்திரையில் ஒன்றுமில்லை என்று சொன்னேன். காலையில் திறந்துவிடும் முன் ஒவ்வொரு கோழியையும் பிடித்து, விரல் விட்டு, முட்டை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் பக்கம் பெண்கள் வேலை. ஆண்கள் தொட மாட்டார்கள், அசிங்கமாம். தட்டில் வந்தால் மட்டும் அசிங்கம் இல்லை. ஆகவே இன்றைக்கு முட்டை உண்டு, இல்லை என்று நான் சொன்னால் அதுதான் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை அவர் ஏற்கவில்லை. யாரோ திருடுகிறார்கள் என்றார். பக்கத்து வீட்டு அம்மணியை வேலிக்கு இந்தப் பக்கம் நின்றே விசாரித்தார்.

"இன்னா அம்மணி, எங்கூட்டு முட்டைங்க உங்கூட்ல வந்து குந்திக்கினு கீதா?"

"கண்ணாடி போட்டுக்கினு உன் கோழியப் பாருண்ணா. ஒம்பதும் சேவலா இருக்கப் போவுது."

அன்றைக்கு முழுக்க மனிதர் சோறு தின்னவில்லை. விருத்தாசலம் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டப்போகிறேன் என்று கிளம்பினார். நமக்குக் கெடுதல் செய்தவன் மேல் ஒரு தாளில் புகார் எழுதி, சாமியின் வேலில் கட்டிவிட வேண்டும். சாமியே விசாரித்துத் தண்டனை கொடுத்துவிடும். போலீசைவிட ஜல்தியாகக் கொடுக்கும் என்று ஊரில் பேச்சு. நான் சொல்லவில்லை, மேடம்.

"பேரு இல்லாம எழுதினா சாமிக்குப் பேஜாரு. கண்ணால பாத்துட்டு எழுதறேன்" என்று வாசலிலிருந்தே திரும்பினார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொட்டகைக்குள் போய்த் தீவன மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தார். "வெளிய தாப்பா போட்டுக்கினு போ. உள்ள ஆள் கீறது தெரியக் கூடாது. திருட்டுக் கை தொறந்தா புடிச்சுக்குவேன். ஒருத்தரும் வரலேன்னா பன்னண்டு மணிக்கு நீ வந்து தொற."

போட்டேன். தாழ்ப்பாள் போடச் சொன்னது அவர். அதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். திறக்காததுதான் என்னுடையது.

அவர் சந்தேகத்தில் ஒரு குற்றமும் இல்லை, ஆளைத்தான் மாற்றிப் பிடித்தார். ஆறு முட்டையில் மூன்றை வெயில் எடுத்துக்கொண்டது. மீதி மூன்றை நான் எடுத்துக்கொண்டேன். விற்கவில்லை. தின்றேன். பத்தொன்பது வருஷம் அவருக்குத் தினமும் ஆஃபாயில் போட்ட கை இது. ஒருநாள் அவித்து, மிளகுத்தூள் தூவி, அடுப்படியில் நின்றபடியே ஒன்றைத் தின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிராதில் அம்மணி பேரை எழுதினாலும், சாமி யார் வீட்டைத் தேடி வரும் என்று எனக்குத் தெரியாதா?

ஆனாலும் பன்னிரண்டு மணிக்குத் திறக்கத்தான் போனேன். சாமி சத்தியமாக. கோழிகளை முன்பே வேப்பமர நிழலுக்கு ஓட்டி, சுற்றிலும் ஈரச்சாக்கு கட்டியிருந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"பவுனு, இங்க ஒரு சட்டி நெறைய முட்ட ஓடு கீது. அவிச்ச ஓடு."

கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், ஓட்டை இடித்துத் தீவனத்தில் கலந்து கொடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இடிக்கச் சோம்பல்பட்டு மூட்டைக்குப் பின்னால் சேர்த்து வைத்திருந்தேன்.

சட்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சிரித்தார்.

"நீதான் துன்னியா? வாய தொறந்து கேட்டிருந்தா நானே அவிச்சுக் குடுத்திருப்பேனேடி, லூசு. சரி தொற, நாக்கு வறண்டு பூட்டுது."

கையை எடுத்துவிட்டேன்.

சாக்கு காய்ந்திருந்தது, போய் நனைத்தேன். கோழிகளுக்குத் தண்ணீர் மாற்றி வைத்தேன். ஒரு மணிக்குத் தகரத்தைத் தட்டினார். அம்மணி நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாள். தெருவில் யாருமில்லை. அப்புறம் தட்டுவது நின்று, மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. இரண்டு மணிக்கு அதுவும் இல்லை. டாக்டரம்மா கோழிக்குச் சொன்ன அதே வரிசைதான், முதலில் தண்ணீர், அப்புறம் மூச்சு. கோழியாக இருந்தால் தட்டும்போதே தூக்கிவந்து நிழலில் போட்டிருப்பேன். நாலு மணிக்குத் திறந்தேன்.

மறந்துவிட்டாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். மறந்தேன் என்றால் உங்களுக்கும் வேலை சுலபம், தெரிகிறது. மறக்கவில்லை, மேடம். அவர் திட்டியிருந்தால் அப்போதே திறந்திருப்பேன், இரண்டு வார்த்தை நானும் சேர்த்துத் திட்டியிருப்பேன். சிரித்துக்கொண்டு கூப்பிட்டால் என்ன செய்வது? தாலி கட்டின மனுஷன் முகத்தில் அதற்கப்புறம் எப்படி முழிப்பேன்? நானும் மானம் மரியாதை உள்ளவள்தானே.