புள்ளி இல்லை

எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது. விசாரணைக்கு வந்த இடத்தில் இதை ஏன் சொல்கிறான் என்று பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது.

பருத்திக்கொட்டையைக் குறுக்கே வெட்டினால் கரும்புள்ளிகள் தெரியும். விஷம் அதில்தான். எண்ணெயைச் சுத்திகரித்தால் போய்விடும். அப்படியே தின்றுகொண்டிருந்தால் நாளடைவில் ஆணுக்குப் பிள்ளை பிறக்காது. புள்ளியே இல்லாத ரகத்தை உருவாக்கிவிட்டதாக மார்தட்டியவர் என் தங்கை புருஷன். ஆய்வுப் பண்ணையில் எனக்கு மேலதிகாரியும் அவர்தான். கொட்டையை வெட்டி, லென்சில் பார்த்து எழுதுவது என் வேலை.

பூ விரியுமுன் மொட்டின் நுனியை நூலால் கட்டவேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் பாத்தியிலுள்ள புள்ளி ரகத்தின் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்துவிடும். மாப்பிள்ளைக்கோ இரண்டு டீ உள்ளே போகாமல் கால் வயலில் இறங்காது. அவர் வந்து நூல் கட்டுவதற்குள் தேனீக்கள் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

முதல் வருடமே மூன்றிலொரு கொட்டையில் புள்ளி. நான் "புள்ளி இல்லை" என்று எழுதினேன். ரகத்தை வெளியிடும் மேடையில், பெரிய மனிதர்கள் முன்னால் லென்சை நீட்டலாம் என்றிருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும். நடுவில் நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? வெளியீட்டுக் குழு வருடாவருடம் தேதியைத் தள்ளிப்போட்டது. அதற்கு நானா பொறுப்பு?

அதற்குள் மாப்பிள்ளைக்கு வீரம் வந்துவிட்டது. "என் எண்ணெயைச் சுத்திகரிக்கவே வேணாம் மச்சான். இனிமே எங்க வீட்டுச் சமையலே இதுலதான்" என்றார். "பேஷா செய்ங்க" என்றேன். ஆறு வருடம் செய்தார்.

தங்கைக்குக் குழந்தை உண்டாகவே இல்லை. ஊசி, ஸ்கேன், மாமியாரின் வசவு எல்லாம் அவளுக்கு. மாப்பிள்ளையை யாரும் பரிசோதிக்கவில்லை. அவ்வளவு பெரிய விஞ்ஞானிக்குக் குறை இருக்குமா?

"என்கிட்டதாண்ணா ஏதோ கோளாறு" என்று அழுதாள். கண்ணைத் துடைத்துவிட்டேன். மறுநாளும் "புள்ளி இல்லை" என்றே எழுதினேன்.

போன வாரம்தான் ஒரு டாக்டர் அவரைச் சோதித்துவிட்டு, என்ன எண்ணெய் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டாராம். தங்கை நேரே என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆறு வருஷமா எங்க வீட்டுல நீ ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லையே, ஏண்ணா?"

எண்ணெய்ப் பலகாரம் ஆகாதும்மா என்றேன். அவள் நம்பவில்லை. கெட்டிக்காரி.

தெரிந்தேதான் விட்டேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ரகம் உதவாது என்று முதல் வருடமே கண்டுபிடித்தவனும் நான்தான். அதையும் மறக்காமல் என் பெயரிலேயே எழுதுங்கள்.