சாரின்னு மட்டும் போட்டுராதம்மா

— சாரின்னு மட்டும் போட்டுராதம்மா. வேற எந்த வார்த்தை வேணும்னாலும் போடு.

— மன்னிப்பு லெட்டர் டைப் அடிக்க வந்துட்டு சாரி வேணாம்னா எப்படி டைம்கீப்பர் சார்? நனையாம குளிக்கணுங்கறீங்க.

— கரெக்டா சொன்னா, அது ஒரு வார்த்தையே இல்லம்மா. காலை மிதிச்சா சாரி. போன்ல காது கேக்கலைன்னா சாரி. பஸ்ல எடமில்லைங்கறதுக்கும் சாரி. எழவு வீட்டுல போய் நின்னாலும் சாரி. ஊரே கைதுடைச்சுப் போட்ட வார்த்தையை நான் போய் அந்த மெக்கானிக்குக்கு எழுதணுமா?

— அப்போ தமிழ்லயே எழுதிடுங்களேன், மன்னிச்சுக்கோன்னு.

— ஐயோ, தமிழ்ல எழுதினா நெஜமாயிடும்மா! இங்கிலீஷ்னா பல்லுல படாம வெளிய போயிடும். அதுக்குத்தானே உன் கடை வாசப்படி ஏறினேன்.

— அப்படி என்னதான் பண்ணித் தொலைச்சீங்க? அது தெரியாம நான் எந்த வார்த்தையைப் பொறுக்கறது?

— டிப்போவுல தினமும் சாப்பாட்டு நேரத்துல நானும் அவனும் செஸ் ஆடுவோம். இருபத்திரெண்டு வருஷமா. அன்னைக்கு இன்னும் ரெண்டே மூவ், அவன் ராஜா காலி. பன்னெண்டு நாப்பது பஸ் வந்து நின்னுச்சு. கோட்டைக் கழட்டி நாற்காலில மாட்டிட்டு, ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். கரெக்டா சொன்னா மூணு நிமிஷம். வந்து பாக்கறேன், போர்டுல என் குதிரையைக் காணோம்!

— அவர் எடுத்துட்டாரா?

— எடுக்கலையே! அதானே என் தலையெழுத்து. திருட்டுப்பயலேன்னு பதினோரு பேர் முன்னாடி கத்திட்டேன். அவன் டிபன்பாக்ஸை மூடினான், போயிட்டான். சாயங்காலம் வீட்டுக்காரி கோட்டைத் துவைக்க எடுத்து உதறுறா, பையிலேர்ந்து டொக்குனு குதிரை விழுது.

— உங்க கோட்டுப் பையிலேர்ந்தா!

— பஸ் வந்த பரபரப்புல நானே எடுத்துப் போட்டிருக்கேன். வயசாயிடுச்சு, வேறென்ன. பதினேழு நாளா முகத்துல முழிக்கல. நாளையோட அவன் ரிடையர் ஆகறான். மகளோட வேற ஊருக்கே போயிடப் போறானாம். இன்னைக்கு விட்டா... சரி சரி, கதை எதுக்கு, நீ அடி. ரிக்ரெட்னு போடு. அதுதான் கௌரவமா இருக்கு.

— இந்தாங்க. நடந்ததுக்கு வருந்தறேன்னு ஒரே வரி. கையெழுத்துப் போடுங்க. போட்டாச்சா? அப்போ இந்தக் கவர் உங்களுக்கு.

— இது என்ன?

— மெக்கானிக் சார் முந்தாநாளே வந்து குடுத்துட்டுப் போனார். ‘கடிகாரம் உங்க கடைக்குத்தான் வருவான், அடுத்த கடைக்கு ஏழு நிமிஷம் நடக்கணும்னு கணக்குப் பாப்பான். எந்த வார்த்தையைப் போடறானோ அந்தக் கவரைக் குடுங்க’ன்னார். மேல வார்த்தை எழுதியிருக்கு பாருங்க.

— அடப்பாவி கிரீஸு! என்னை அவன் கடிகாரம்பான், நான் அவனைக் கிரீஸும்பேன். நீயே படிம்மா, அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும்.

— ‘ரிக்ரெட்டா? பஸ் தாமதத்துக்கு வருந்தறோம்னு நீ தினமும் போர்டுல எழுதறது அதானே? இத்தனை வருஷமா எழுதறே, ஒரு பஸ்ஸாவது வருந்திச் சீக்கிரம் வந்திருக்கா?’

— கொழுப்பு! உடம்பு பூரா கொழுப்பு! வேற அடி. அப்பாலஜைஸ்னு போடு, நல்லா நீளமா இருக்கு. கூடவே ‘ஒருவேளை உன் மனசு புண்பட்டிருந்தால்’னு ஒரு ‘இருந்தால்’ சேத்துக்கோ.

— திருட்டுச்சாவி மாதிரி ஒரு ‘இருந்தால்’! சரி, அடிச்சாச்சு. கவரைப் பிரிக்கறேன். ‘மேனேஜருக்கு எழுதினதை மாத்தி எனக்கு அனுப்பிட்டே போலிருக்கு, கீழ சீல் இல்லையே. பின்குறிப்பு: ஒருவேளைன்னு ஒண்ணு சேத்திருப்பியே?’

— நீதானே சொல்லிக் குடுத்தே அவனுக்கு?

— எனக்கு எதுக்கு சார் ஊர் வம்பு? ஒட்டின கவரை நான் தொட்டது கூட இல்ல.

— சரி, எக்ஸ்கியூஸ் மீன்னு போட்டா?

— அதுக்கும் கவர் இருக்கு. ‘எக்ஸ்கியூஸ் மீயா? வழி வேணுமா? நாளையோட முழுசாவே விலகிக்கறேன், தாராளமா போ.’ ...சார்? ஏன் கண்ணாடியைக் கழட்டிட்டீங்க?

— தூசிம்மா. கடையைக் கொஞ்சம் கூட்டி வெக்கக் கூடாதா? ...திங்கக்கிழமைலேர்ந்து எனக்கு எதிர்ல எவன் உக்காருவான்? ...இன்னும் எத்தனை கவர் இருக்கு?

— ஒண்ணே ஒண்ணு. மேல ஒண்ணும் எழுதல. சுத்தி டேப் ஒட்டியிருக்கார். லெட்டர் எழுதினா இதைக் குடுக்காதீங்க, அவனே வாயைத் தொறந்து எங்கிட்ட சொன்னாத்தான்னு கறாரா சொல்லிட்டார்.

— எந்த வார்த்தையை?

— அதையும் நான்தான் சொல்லணுமா? போன் அந்த மேசை மேல இருக்கு.

— ...ஹலோ. நான்தான்டா. கடிகாரம். ...இல்ல, பஸ் விஷயம் இல்ல. ...டேய், வெச்சுடாத, கேளு. குதிரை என் பையிலதான்டா இருந்துச்சு. உன்னைப் போய் அத்தனை பேர் முன்னாடி... சாரிடா. தப்பு என் மேலதான். சாரிடா கிரீஸு. பதினேழு நாளா அந்தப் போர்டு முன்னாடி தனியா உக்காந்து சாப்பிடறேன், சோறு எறங்கல. ...ஹலோ? ...எதுக்குடா மூக்கை உறிஞ்சறே?

— என்ன சொன்னார்?

— ‘கவரைப் பிரிக்கச் சொல்லு’ன்னான், வெச்சுட்டான். சீக்கிரம் படிம்மா.

— இருங்க, இந்த டேப் வேற... ம். ரெண்டே வரிதான். ...சார், நீங்க மொதல்ல இப்படி உக்காருங்க.

— படிம்மான்னா!

— ‘அன்னைக்கு நீ பதினோரு பேர் முன்னாடி சொன்னது சரிதான்டா. ரெண்டு மூவ்ல உங்கிட்ட தோக்கறது தாங்காம, குதிரையை எடுத்து உன் கோட்டுப் பையில போட்டது நான்தான். சாரி.’