பன்னெண்டாவது ஜன்னல்

கேளுங்க மக்கா. ரொம்பக் காலத்துக்கு முந்தி, இந்தப் புன்னைத்துறையில மாதாவுக்குப் பெரிய கோயில் எழும்பிக்கிட்டு இருந்த சமயம். பசிலிக்காங்கிற பட்டமெல்லாம் பெறகு வந்தது. அப்ப வெறுஞ்சுவருதான். அந்தச் சுவருக்குச் சாந்து சொமந்தவ சலேத்தம்மா, எங்க பூட்டிக்கு அக்கா.

அவ புருசன் கயித்தான் வள்ளத்துல கடலுக்குப் போனான். போனவன் வரல. ஒடம்பும் கரை ஒதுங்கல. அவ அழவே இல்லையாம். மறுநாளே வந்து சாந்துச் சட்டியத் தூக்கிட்டாளாம். இவளுக்கு நெஞ்சுல கருங்கல்லா இருக்குன்னு பேசுனாளுவ. ஊரு வாய மூட முடியுமா?

பங்குச்சாமி கேட்டாராம்: "சலேத்து, துக்கமணி அடிச்சிரவா?"

"வேண்டாம் சாமி."

கடல் பக்கத்துச் சுவர்ல பன்னெண்டு ஜன்னல், ரெண்டாள் ஒசரம், மேல கூம்புன வளைவு. கடைசி ஜன்னல் வழியாப் பாத்தா வள்ளம் கரை ஏறுற எடம் தெரியும். சட்டிய எறக்குவா, கடலப் பாப்பா. தூக்குவா, போவா. எறக்குவா, பாப்பா. வருசம் மூணு போச்சு.

கோபுரம் ரெண்டும் எழும்பிருச்சு. முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேச்ச தூணுல மொகம் தெரிஞ்சுதாம். உள்ள நுழைஞ்சா வெயிலே மறந்துபோகும், அப்படிக் குளிர்ச்சி. கப்பல்ல வந்த கலர்க் கண்ணாடிய ஒவ்வொரு ஜன்னலா மாட்டுனாங்க. ஊரே வாயப் பொளந்து நின்னுச்சு. சலேத்தம்மா கையிலயும் செவப்பு வெளிச்சம் விழுந்துச்சாம். அவளுக்கு ஒண்ணும் தோணலையாம்.

கடைசி ஜன்னலுக்கு வந்ததும் தொம்மை மேஸ்திரிக்குக் கை ஓடல. "சாமி, இத அடைச்சா அந்தப் புள்ள எங்க போய்ப் பாக்கும்?"

"தொறந்தே கெடக்கட்டும்"னுட்டாராம் சாமி.

அதக் கேட்டுச் சலேத்தம்மா வந்தாளாம்.

"தொறந்து கெடந்தா நான் சாவுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பேன் சாமி. என்னால முடியல."

சொல்லிட்டுச் செங்கல்லத் தூக்கி வச்சாளாம். ஒண்ணு மேல ஒண்ணு. மேஸ்திரி கரண்டிய நீட்டுனா வாங்கல, கையாலயே சாந்து பூசுனா. எட்டுன மட்டும் அவ வச்சா. மேல மேஸ்திரி வச்சாரு. கடல் மறைஞ்சிருச்சு.

"இப்ப மணி அடிங்க சாமி."

மணி அடிச்சப்பவும் அழலையாம். கையக் கழுவிட்டு வீட்டுக்குப் போனாளாம்.

இப்பவும் பாருங்க, பதினோரு ஜன்னல்ல கலரு. பன்னெண்டாவது வெறும் வெள்ளைச் சுவரு. கடலுக்குப் போனவன் திரும்பலைன்னா, நம்மூர்ல சாமி நெனைச்சாலும் மணி அடிக்க முடியாது. அந்த வீட்டுப் பொம்பள வந்து இந்தச் சுவர்ல ஒரு கை சுண்ணாம்பு பூசணும். பெறகுதான் மணி.

ஒருத்தி முப்பது வருசமாப் பூசல. யாரும் அவளக் கேக்கல.