வியாழக்கிழமை வந்தவள்

கதவோரம் இருப்பவர்கள் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொள்ளுங்கள். இது குவாரியில் என்னோடு கல் உடைத்த நெட் பார்ஃபிட்டின் அத்தை கெசையாவுக்கு நடந்தது.

டிசம்பர் மாதம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. மெண்டிப் குன்றுகளின் மேல் போகும் சாலை. அந்த நேரத்துக்கே கும்மிருட்டு. இரண்டு பக்கமும் கற்சுவர், நடுவில் சேறு... கெசையா தனியாக நடந்துகொண்டிருந்தாள். வேலை பார்க்கும் பெரிய வீட்டிலிருந்து அவள் வீட்டுக்கு எட்டு மைல். அங்கே அம்மா படுத்த படுக்கை. உயிரோடு இருக்கிறாளா, இல்லையா... தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது. கடிதம் வந்ததே.

பெரிய வீட்டில் ஒரு வழக்கம். வேலைக்கு எவள் வந்தாலும் அவள் பெயர் ஜேன். முதலில் இருந்தவள் ஜேன். அப்புறம் வந்தவர்களின் பெயரையெல்லாம் பழகிக்கொள்ள எஜமானிக்குச் சோம்பல். கெசையா ஐந்தாவது ஜேன்.

வியாழக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையில் எஜமானி வழக்கம்போலத் தபால்களைப் பிரித்து உரக்கப் படித்தாள். லண்டனில் தங்கைக்கு மூன்றாவதும் பெண். சிம்லாவில் மைத்துனருக்குப் பதவி உயர்வு. கடைசியாக ஒரு மலிவான உறை.

"கெசையா பார்ஃபிட். யார் இது?"

"பைபிள்ல இருந்து தப்பிச்சு வந்த ஒட்டகம் பேரு மாதிரி இருக்கு," என்றான் மகன். எல்லோரும் சிரித்தார்கள்.

கெசையா தட்டோடு நின்றாள். கேட்காமல் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். திறந்தாள்.

"அது நான்தாங்கம்மா. எங்கம்மாவுக்கு முடியல. அண்ணன் பாதிரியார்கிட்ட சொல்லி எழுதியிருப்பாரு."

எஜமானி அவளைப் பார்க்கவே இல்லை. உறையை மகளிடம் நீட்டினாள். "மாட், மேல எழுதும்மா. 'அப்படி யாரும் இந்த வீட்டில் இல்லை.' தபால்காரன்கிட்டயே திருப்பிக் கொடுத்துடு."

பேனா உறையைக் கீறும் சத்தம்... அவ்வளவு பெரிய அறையில் அது ஒன்றுதான் கேட்டது.

"ஜேன்," என்றாள் எஜமானி, "ரொட்டி ஆறுது பாரு."

கெசையா லீவு கேட்டாள். ஞாயிறு மத்தியானம்தான் உன் முறை என்று பதில். சொல்லாமல் ஓடினால் நற்சான்று கிடைக்காது. அது இல்லாதவளை வேறு எந்த வீடும் சேர்க்காது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் பாத்திரம் துலக்கினாள்.

இப்போது பாதி வழியில் பின்னால் வண்டிச் சத்தம். பால்காரர் டோபியாஸ். விளக்கைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏன் புள்ள, வியாழக்கிழமைதான இந்த வழியா போன?"

"நான் இல்ல மாமா. இன்னைக்குத்தான் விட்டாங்க."

"உன் தொப்பி. உன் நடை. கூப்பிட்டேன், திரும்பல... குதிரை ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்னுடுச்சு."

அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. வண்டியை விரட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக் கதவை அண்ணன் ரூபன் திறந்தான். அவளைப் பார்த்துவிட்டு, உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"கெசி... நீ உள்ளதான இருக்க?"

"என்ன உளர்ற? அம்மா இருக்காளா?"

"வியாழக்கிழமை சாயங்காலம் நனைஞ்சுக்கிட்டு வந்த. பேசல. சாப்பிடல. தொப்பியக்கூடக் கழட்டல. மூணு நாளா அம்மாவுக்குத் தலை வாரிக்கிட்டே இருக்க... லெட்டர் வெள்ளிக்கிழமை திரும்பி வந்துச்சு. நீதான் வந்துட்டியேன்னு சிரிச்சுக்கிட்டே அடுப்புல போட்டேன்."

"முகத்தைப் பார்த்தியா?"

ரூபன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் உதடு வெளுத்தது.

"எப்பவும் முதுகுதான்..."

அவனைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். அறையில் ஈரக் கம்பளி வாடை. தலைமுடியில் சீப்பு இழையும் சத்தம்... சர்ர்... சர்ர்... அவள் வாசற்படியை மிதித்ததும் நின்றது. கட்டிலில் அம்மா மட்டும். பக்கத்தில் மெத்தை, ஒரு ஆள் உட்கார்ந்தாற்போல் அமுங்கிக் கிடந்தது.

"அம்மா. நான் வந்துட்டேன்."

கிழவி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "யாருடி நீ?"

"கெசிம்மா."

"பொய் சொல்லாத. என் பொண்ணு மூணு நாளா என் பக்கத்தை விட்டு அசையல. ரூபன், இவளை வெளிய அனுப்பு. கெசி நடுங்குறா பாரு."

அமுங்கிய பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கெசையா தொட்டபோது கையை உதறினாள். விடிவதற்குள் உயிர் போயிற்று. முகத்தைக் கடைசிவரை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

மறுநாள் சவப்பெட்டியில் கிடத்தத் தூக்கினார்கள். உடம்பு வந்தது, தலை வரவில்லை. நரைத்த முடியோடு கறுப்பு முடியும் சேர்த்துப் பின்னியிருந்தது. ஈரமான, நீளமான கறுப்பு முடி. கட்டிலுக்கு அடியில் போய், பலகை இடுக்கு வழியாகத் தரைக்குள் இறங்கியிருந்தது. ரூபன் கத்தரியால் வெட்டினான்.

அறுந்த முனை மெதுவாக... மிக மெதுவாக... உள்ளே இழுபட்டுப் போனது.