இறுக்காத மூடி

நெய்வேலி பெட்ரோல் பங்கில், எனக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஒரு அம்மாள் சொன்னார்: “டேங்க் மூடிய இறுக்காதீங்க தம்பி.”

பெட்ரோல் போட்டவர் விழித்தார். “லூசா இருந்தா டேஷ்போர்டுல லைட்டு எரியும்மா. இப்பவே எரிஞ்சிகினுதான் இருக்குது. டிக்குன்னு சத்தம் வர்ற வரைக்கும் திருகுனா, கொஞ்ச தூரம் ஓடுனதும் தானா அணைஞ்சிடும்.”

“தெரியும்ப்பா. எங்க வூட்டுக்காரரு, ஷிப்டுக்கு நேரமாச்சுன்னு உங்கள மூட விடாம, தானே அரைகுறையா மூடிட்டு ஓடுவாரு. அப்புறம் நான் வண்டிய எடுத்தா லைட்டு எரியும். திட்டிகினே எறங்கித் திருகுவேன்.”

“இன்னிக்கு அவரு வரலீங்களா?”

“போயி சேந்துட்டாருப்பா. போன மாசம்.”

பெட்ரோல் போட்டவர் மூடியிலிருந்து கையை எடுத்தார்.

“லைட்டு எரியட்டும் தம்பி. அணைஞ்சிட்டா நான் யாரத் திட்டறது?”